திரைக்கும் சுவருக்கும் நடுவே

முதல் சம்பளத்தைச் சேர்த்துவைத்தோ, வீட்டில் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கியோ, பெரிய கேமிங் கணினி ஒன்றைக் கட்டக் கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

கணினி அசெம்பிள் செய்து கொடுப்பவள் என்பதால் உங்களில் பலருடைய பட்டியல்கள் என் கைபேசிக்கு வந்து சேர்கின்றன. "அக்கா, இது சரியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க" என்ற வரி கூடவே வரும். பட்டியலின் தலையில் கிராபிக்ஸ் கார்டு. அடுத்து ப்ராசஸர். இந்த இரண்டிலும் மாடல் எண் கடைசி எழுத்துவரை துல்லியமாக இருக்கும். கீழே இறங்க இறங்க அக்கறை குறைந்துகொண்டே போகும். எஸ்எம்பிஎஸ் என்ற இடத்தில் "850 வாட், ஏதாவது" என்று இருக்கும். கேபினெட்டுக்கு நேரே "கண்ணாடி வச்சது" என்றிருக்கும். மானிட்டர் "அப்புறம் பாத்துக்கலாம்". யுபிஎஸ் என்ற வரியே இருக்காது.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இப்போது எல்லாருக்குமாக எழுதுகிறேன். இரண்டு மூன்று லட்சம் ரூபாய் என்பது உங்கள் வயதில் சின்னப் பணம் இல்லை. அது வீணாகக் கூடாது என்பதுதான் என் கவலை.

நீங்கள் பார்க்கும் சோதனைக் காணொளிகளில் பெரும்பாலானவை 20 முதல் 25 டிகிரிக்குள் வைத்திருக்கும் அறைகளில் எடுக்கப்பட்டவை. அங்கே கரண்ட் போவது அபூர்வம். சுவரில் எர்த் சரியாக இருக்கிறதா என்று யாரும் யோசிப்பதில்லை. அவர்கள் அளந்து சொல்லும் எண்களில் குறை கிடையாது. நானும் அவற்றைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் உங்கள் கணினி இருக்கப்போவது வேலூரிலோ மதுரையிலோ ஒரு மாடி அறையில். மே மாதத்தில் மொட்டைமாடித் தளம் நாளெல்லாம் வெயில் வாங்கி, ராத்திரி பத்து மணிக்கும் அனலாக இறக்கிக்கொண்டிருக்கும் அறை அது. அங்கே உட்கார்ந்துதான் நீங்கள் ஆடப்போகிறீர்கள். ஆகவே பட்டியலை அந்த அறையிலிருந்து எழுதுங்கள். முன்னால் திரை, பின்னால் சுவரில் பிளக் பாயின்ட். இந்த இரண்டையும் முதலில் முடிவு செய்துவிட்டால் நடுவில் வரும் பாகங்களில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

திரையிலிருந்து தொடங்குகிறேன். சாதாரண முழு எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560க்கு 1440 என்ற அளவில் 36.9 லட்சம். நான்கு கே என்றால் 82.9 லட்சம். கார்டு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இத்தனை புள்ளிகளையும் கணக்கிட்டு வரைய வேண்டும். 1440 திரையிலிருந்து நான்கு கேவுக்குத் தாவினால் வேலை இரண்டேகால் மடங்காகிறது. இதைத் தீர்மானிக்காமல் கார்டு வாங்குவதில் அர்த்தமே இல்லை. பெரிய கார்டை வாங்கிவிட்டு வீட்டிலிருக்கும் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் பொருத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கார்டு விநாடிக்கு 200 ஃப்ரேம் கொடுத்தாலும் அந்தத் திரை 60 தடவைதான் புதுப்பிக்கும்.

நீங்கள் என்ன ஆடுகிறீர்கள் என்பதையும் உண்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரியான போட்டி ஆட்டங்களே உயிர் என்றால் உங்களுக்கு வேகம் வேண்டும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் 16.7 மில்லி விநாடி இடைவெளி. 240 ஹெர்ட்ஸில் 4.2. கை பழகியவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். சைபர்பங்க் 2077, ஆலன் வேக் 2, பிளாக் மித் வூகாங் மாதிரி நிதானமாக உலகத்தைச் சுற்றிப் பார்க்கிற ஆட்டங்கள் என்றால் படத்தின் தரம் முக்கியம். விநாடிக்கு 80, 90 ஃப்ரேம் வந்தாலே நிறைவாக இருக்கும்.

என்னைக் கேட்டால், உங்களில் பெரும்பாலானவர்களுக்கு 27 அங்குலத்தில் 1440 அளவுள்ள 240 ஹெர்ட்ஸ் ஓலெட் திரைதான் சரியான இடம். கறுப்பு அதில் உண்மையான கறுப்பாக இருக்கும், அசைவு தெளிவாக இருக்கும். ஆனால் அறையைப் பாருங்கள். க்யூடி ஓலெட் வகைத் திரைகளில் பெரும்பாலானவை, எதிரே ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் கறுப்பை மங்கிய சாம்பலாகவும் லேசான ஊதாவாகவும் காட்டும். பகலில் ஜன்னலைத் திறந்துவைத்து ஆடுகிற வீடென்றால் மேசையை வேறு பக்கம் திருப்புங்கள். முடியாவிட்டால் நல்ல ஐபிஎஸ் திரைக்குப் போய்விடுங்கள். அதே திரையில்தான் நாள் முழுக்க அலுவலக வேலையும் என்றால், அசையாத படங்களின் தழும்பு ஓலெட்டில் மெல்லப் படியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வாரன்டியில் அந்தத் தழும்புக்கும் ஈடு உண்டா என்று வாங்குமுன் கேளுங்கள்.

திரை முடிந்தால் கார்டு எளிது. என்விடியா 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டை இந்தியாவில் 2,14,000 ரூபாய் என்று அறிவித்தது. 5080 கார்டுக்கு 1,07,000. 5070 டிஐ கார்டுக்கு 80,000. கடைகளில் நடக்கும் விலை வேறு. அது வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஆனாலும் இந்த மூன்று எண்களின் விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 5080, 5070 டிஐ இரண்டும் ஒரே சில்லின் இரண்டு வடிவங்கள்தான். இரண்டிலும் 16 ஜிபி மெமரி. முக்கிய வேறுபாடு கோர்களின் எண்ணிக்கையில்: ஒன்றில் 10,752, மற்றதில் 8,960. ஆட்டத்தில் கிடைக்கும் வித்தியாசம் விலை வித்தியாசத்தை விடச் சின்னது. 1440 திரைக்கு 5070 டிஐ தாராளம். ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியும் அதே 16 ஜிபியோடு அதன் பக்கத்தில் நிற்கிறது. உங்கள் ஊரில் அது நல்ல வித்தியாசத்தில் மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். 5090 என்பது நான்கு கே திரையில் ரே டிரேசிங் என்ற ஒளிக்கதிர்க் கணக்கை முழுவதும் போட்டு ஆட விரும்புகிறவர்களுக்கானது. 32 ஜிபி மெமரியும் 575 வாட் பசியும் உள்ள கார்டு அது. அதை வாங்குமுன் இந்த மடலின் பின்பாதியைக் கட்டாயம் படியுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. விளம்பரங்களில் வரும் ஃப்ரேம் எண்களில் பல, ஒரு உண்மையான ஃப்ரேமுக்கு மூன்று செயற்கை ஃப்ரேம்களை நடுவில் நுழைத்துக் காட்டியவை. அடிப்படை வேகம் நன்றாக இருந்தால் அது படத்தை வழுவழுப்பாக்கும், நல்ல வசதிதான். ஆனால் மவுஸை அசைத்தபின் திரை பதில் சொல்லும் நேரத்தை அது குறைக்காது. 30 ஃப்ரேமில் திணறும் ஆட்டம் 120 என்று எண் காட்டினாலும் கைக்கு 30 மாதிரியே கனக்கும். கார்டுகளை ஒப்பிடும்போது அந்த வசதியை நிறுத்திவிட்டு அளந்த எண்ணைத் தேடுங்கள்.

ப்ராசஸரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி 2024 நவம்பரில் வந்தது. எட்டு கோர்கள், 96 எம்பி எல்3 கேஷ். அதே வரிசையின் சாதாரண எட்டு கோர் சில்லில் 32 எம்பிதான். ஆட்டத்துக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்படும் தரவு கையெட்டும் தூரத்திலேயே கிடப்பதால் ரேம் வரை போய்வரும் தாமதம் குறைகிறது. ஆட்டங்களில் 9800எக்ஸ்3டி முன்னால் நிற்பதற்குக் காரணம் இதுதான். முந்தைய தலைமுறைகளில் கோர்களுக்கு மேலே இருந்த இந்தக் கூடுதல் கேஷ் அடுக்கு இதில் கீழே போய்விட்டது. கோர்கள் கூலருக்கு அருகில் வந்துவிடுவதால் சூடு சுலபமாக வெளியேறுகிறது. நம் ஊருக்கு இது பெரிய நன்மை. இது பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டை 2027க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில் 2017ஆம் ஆண்டு போர்டில்கூட 2022இல் வந்த 5800எக்ஸ்3டி சில்லைப் பொருத்த முடிந்தது என்பதால், இந்தச் சொல்லை நம்பலாம். நான்கு கே திரையில் மட்டும் ஆடுபவர்களுக்கு இன்னொன்று: அங்கே கார்டுதான் முட்டிக்கொண்டு நிற்கும். ப்ராசஸரில் ஒரு படி இறங்கினாலும் பெரிதாக எதுவும் தெரியாது. அந்தப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் பெரிய சில்லுகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று எழுதுகிறீர்கள். அவற்றில் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் மெல்லத் தேய்ந்து நிலைகுலைந்தன. இன்டெல் 2024இல் மைக்ரோகோட் திருத்தங்கள் வெளியிட்டு வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. திருத்தம் வருமுன் அந்தச் சில்லு எப்படி ஓடியது என்பது வாங்குகிற உங்களுக்குத் தெரியாது. தேய்ந்ததைத் திருத்தம் மீட்டுத் தராது. வேண்டாம்.

இனி சுவர்ப் பக்கம். நான் அதிகம் சொல்ல விரும்புவது இங்கேதான்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியில் ஒட்டியிருக்கும் "80 பிளஸ் கோல்டு" என்பது அது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. பாதுகாப்புச் சுற்றுகள் சரியாக வேலை செய்யுமா, கண்டென்சர்கள் எவ்வளவு சூட்டைத் தாங்கும், திடீர் இழுவையில் மின்னழுத்தம் குலையாமல் நிற்குமா என்பதை அது சொல்லவில்லை. இன்றைய கார்டுகள் நிதானமாகக் கரண்ட் இழுப்பவை அல்ல. 360 வாட் என்று போட்டிருக்கும் கார்டு கண்ணிமைக்கும் நேரத்தில் அதைத் தாண்டி எகிறி இறங்கும். இதற்காகத்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, தன் அளவைப் போல் இருமடங்கு இழுவையை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று பெரிய எஸ்எம்பிஎஸ்களுக்கு நிபந்தனை விதித்தது. ஆகவே ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று எழுதியிருப்பதை எடுங்கள். பிரித்துப் பார்த்துச் சோதித்தவர்களின் அறிக்கையைப் படியுங்கள். பத்து வருட வாரன்டி தரும் மாடல்கள் சந்தையில் உண்டு. அடுத்த இரண்டு கணினிகளுக்கும் அதையே மாற்றிக்கொள்ளலாம். 5070 டிஐக்கு நல்ல 850 வாட் போதும். 5080க்கும் அதுவே தாங்கும். 5090 என்றால் 1000 வாட்டுக்குக் கீழே போகாதீர்கள். 1200 இருந்தால் ஃபேன் சத்தமும் குறையும்.

கார்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் அந்த 16 பின் கனெக்டரைப் பற்றிப் பயந்துபோய்க் கேட்கிறீர்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது. 2022இல் வந்த 4090 கார்டில் இருந்த இந்த இணைப்பு சில கணினிகளில் உருகியது. கணக்கைப் பாருங்கள். 600 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுபோக 50 ஆம்பியர் வேண்டும். அது ஆறு பின்களில் பிரிந்து ஓடுகிறது. ஒன்றுக்கு எட்டுக்கும் மேல். பழைய எட்டு பின் கனெக்டரில் 150 வாட் மூன்று பின்களில் ஓடியது. ஒன்றுக்கு நான்கு ஆம்பியர் சொச்சம். அதாவது அளவு சின்னதாகி, ஒவ்வொரு பின்னிலும் சுமை இரட்டிப்பானது. ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றால் அதன் பங்கு மற்ற பின்களில் ஏறும். ஏறிய இடம் சுடும். பிறகு வந்த 12வி 2x6 வடிவத்தில் இணைப்பை உணரும் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள். முழுதாக அழுந்தாவிட்டால் கார்டுக்கு முழு மின்சாரம் போகாது. முன்னேற்றம்தான், ஆனாலும் கை செய்ய வேண்டியதைக் கைதான் செய்ய வேண்டும். இடைவெளி தெரியாமல் போகும்வரை அழுத்துங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். கனெக்டரை ஒட்டி முதல் மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு வயரை வளைக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த வயரையே போடுங்கள்; அழகுக்காக வேறு கம்பெனியின் வண்ண வயர் வேண்டாம். கேபினெட் வாங்கும்போது, கார்டின் விளிம்புக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவில் அந்த வயர் வளையாமல் நிற்க இடமிருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். நீளத்தைப் பார்க்கிற அளவுக்கு இந்த அகலத்தை யாரும் பார்ப்பதில்லை.

யுபிஎஸ்ஸுக்கு வருவோம். கடையில் "ஆயிரத்து நூறு" என்று சொல்லித் தருவது விஏ கணக்கு. வாட்டில் அது பெரும்பாலும் 660தான். 5080 வைத்த கணினி முழு மூச்சில் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்துச் சுவரிலிருந்து 600 வாட்டைத் தாண்டி இழுக்கும். ஆக விளிம்பில் நிற்பீர்கள். கரண்ட் போன அந்த நொடியில் யுபிஎஸ் சுமை தாங்காமல் கத்திவிட்டு அணைந்துவிட்டால் அதை வாங்கியதில் பயனில்லை. 1500 விஏ, 900 வாட் என்பது 5080க்குப் பாதுகாப்பான அளவு. 5090க்கு 2000 விஏ பக்கம் போங்கள். அது தரும் அலை முழு சைன் அலையா என்று கேளுங்கள். இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்கள் எல்லாவற்றிலும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று உண்டு. படிக்கட்டு மாதிரி வெட்டிய அலையைக் கொடுத்தால் அவற்றில் சில முரண்டு பிடித்து அணைந்துவிடும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். கரண்ட் போவதற்கும் பேட்டரி எடுத்துக்கொள்வதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் கண்டென்சரில் சேர்ந்திருப்பதை வைத்துத்தான் கடக்க வேண்டும். முழுச் சுமையில் 17 மில்லி விநாடி என்றிருந்த அந்தக் கடமையை ஏடிஎக்ஸ் 3.1 விதிமுறை 12ஆகத் தளர்த்தியிருக்கிறது. நல்ல யுபிஎஸ் 10க்குள் மாறிவிடும். இன்வெர்ட்டர் சாதாரண மோடில் அதைவிட மெதுவாக மாறும். ஃபேனுக்கும் விளக்குக்கும் அது போதும், கணினிக்குப் போதாது. பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டாலும் வாட் கணக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். யுபிஎஸ்ஸின் வேலை நீங்கள் ஆட்டத்தைச் சேமித்து, ஒழுங்காக அணைக்க ஐந்து நிமிடம் தருவது. பவர் கட் முழுவதும் ஆடிக்கொண்டிருக்க அதை வாங்க வேண்டாம்.

எர்த். இதை எழுதும்போது குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. "கேபினெட்டைத் தொட்டா லேசா ஷாக் அடிக்குது அக்கா, ஆனா ஒண்ணும் ஆகல" என்று எழுதுகிறீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கண்டென்சர்கள் இருக்கும். அவை கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் எர்த் வழியாக இறங்க வேண்டும். எர்த் இல்லை என்றால் இரும்புப் பெட்டி முழுவதும் கிட்டத்தட்ட பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். டெஸ்டர் வைத்தால் விளக்கு எரியும். அந்தக் கசிவு மட்டும் ஆளைக் கொல்லாது. ஆனால் என்றைக்காவது உள்ளே வயர் பழுதாகிப் பெட்டியில் பட்டால் காப்பாற்ற வேண்டிய வழி அடைந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட்டின் மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. பாகங்கள் வாங்குமுன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தால் ஏறக்குறைய 230 காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் எர்த் போட ஆகும் செலவைப் பட்டியலின் முதல் வரியாக எழுதுங்கள். ஆர்ஜிபி விளக்கு ஃபேன்களின் செலவுக்குள் பெரும்பாலும் அது முடிந்துவிடும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் பேசுங்கள்; அவருடைய ஃபிரிட்ஜுக்கும் கீஸருக்கும் சேர்த்துத்தானே அது.

சூடு அடுத்தது. கூலர் சில்லை அறையைவிடக் குளிர்ச்சியாக்காது. அறையின் வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதே அதன் திறமை. 21 டிகிரி அறையில் 70 காட்டிய சில்லு, 35 டிகிரி அறையில் ஏறக்குறைய 84 காட்டும். 9800எக்ஸ்3டியின் வரம்பு 95. ஆக, காணொளியில் வசதியாகத் தெரிந்த இடைவெளி உங்கள் அறையில் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை, இடைவெளியைத் திட்டமிட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று இந்தச் சில்லுக்குப் போதும். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 மாதிரியானவை குறைந்த விலையில் வியக்கத்தக்க வேலை செய்கின்றன. 360 மி.மீ லிக்விட் கூலர் வாங்கினால் தவறில்லை. ஆனால் அதில் பம்ப் என்ற ஓடும் பாகம் ஒன்று கூடுகிறது, அதற்கு ஆயுள் உண்டு. ஏர் கூலரில் ஃபேன் போனால் புது ஃபேன் மாட்டினால் முடிந்தது. நம் வெயிலில் வருடக்கணக்கில் ஓட வேண்டிய பெட்டிக்கு நான் ஏர் கூலரைத்தான் சொல்வேன்.

கேபினெட்டில் இப்போது மீன்தொட்டி மாதிரி முன்னும் பக்கமும் கண்ணாடி வைத்தவைதான் உங்களுக்குப் பிடித்திருக்கின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முன்பக்கம் முழுக்க வலையாக இருக்கும் பெட்டியில் காற்று நேராகக் கார்டுக்குப் போகிறது. 300 வாட்டுக்கு மேல் கொதிக்கும் கார்டுக்கு அந்த நேர்வழிதான் மருந்து. வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசிவடிகட்டி இருக்கட்டும். உள்ளே இழுக்கும் ஃபேன்கள் வெளியே தள்ளுபவற்றைவிட ஒன்று கூடுதலாக இருந்தால், இடுக்குகள் வழியாகத் தூசி நுழைவது குறையும். கடலோர ஊர்க்காரர்கள் உப்புக்காற்று உலோகத்தில் துரு ஏற்றுவதை அறிவார்கள்; அவர்கள் பெட்டியை ஜன்னலோரத்தில் வைக்க வேண்டாம். பயன்படுத்தாத ஸ்லாட் மூடிகளைக் கழற்றித் தூக்கிப் போடாதீர்கள். பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பைத் தேடி வரும்.

பெட்டிக்குள்ளிருந்து வெளியேறிய சூடு எங்கே போகிறது? அறைக்குள்தான். 5090 வைத்த கணினி சுவரிலிருந்து இழுக்கும் 850, 900 வாட்டும் கடைசியில் வெப்பமாக உங்கள் மேலேயே இறங்குகிறது. ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும். அதில் கால் பங்கைக் கணினியே தின்றுவிடும். நாளுக்கு நான்கு மணி நேரம் ஆடினால் கணினிக்கு மட்டும் மூன்றரை யூனிட். நம் மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. 200 யூனிட்டுக்கு மேல் கூடும், ஸ்லாபும் ஏறும். ஏசி ஓடுவது தனி. வீட்டில் பில் கட்டுகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு வழியும் இருக்கிறது. கார்டின் மின்வரம்பை எண்பது விழுக்காட்டுக்கு இறக்கினால் ஃப்ரேமில் இழப்பது சில விழுக்காடுதான். 5090இல் அதனால் மிச்சமாவது 115 வாட். ஆட்டத்தில் அந்த இழப்பை உங்களால் பார்க்க முடியாது. அறையில் அந்தக் குளிர்ச்சியை உணர முடியும். நான் கட்டித் தரும் பெரிய கணினிகளில் இதைச் செய்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதர்போர்டில் பணத்தைக் கொட்டாதீர்கள். 9800எக்ஸ்3டி அதிகம் இழுக்கும் சில்லு இல்லை. பி850 வகையில் நல்ல போர்டு போதும். அதன் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அசெம்பிள் செய்த அன்றே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். 2023இல் சில எக்ஸ்3டி சில்லுகள் போர்டு கொடுத்த அதிக மின்னழுத்தத்தால் கருகியபோது, மருந்து பயாஸ் வழியாகத்தான் வந்தது.

ரேம் விலை 2025இன் கடைசி மாதங்களில் கிடுகிடுவென ஏறியது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி தயாரிப்பாளர்கள் திரும்பியதுதான் காரணம். மைக்ரான் தன் குரூஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே 64 ஜிபி ஆசையை விடுங்கள். ஆட்டத்துக்கு 32 போதும். டிடிஆர்5 6000, சிஎல்30, 16 ஜிபி இரண்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக வந்தது. இப்போது இரண்டு, பிறகு இரண்டு என்று திட்டம் போடாதீர்கள். இந்த ரைசனில் இரண்டு ரேமுக்கு அதிகாரபூர்வ வேகம் 5600. நான்கு போட்டால் 3600தான். எஸ்எஸ்டியில் ஐந்தாம் தலைமுறை விநாடிக்கு 14,000 எம்பி என்று காட்டும். ஆட்டம் திறக்கும் நேரத்தில் நான்காம் தலைமுறையோடு அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை, சூடுதான் கூடுதல். அந்தப் பணத்தில் கொள்ளளவைக் கூட்டுங்கள். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜிபி கேட்கிறது. 2 டிபி எடுத்தால் கொஞ்ச காலம் நிம்மதி.

வாங்கும் இடத்தைப் பற்றி. ரிச்சி தெருவோ, பெங்களூரு எஸ்.பி. ரோடோ, ஆன்லைனோ, எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் வேண்டும், அதில் சீரியல் எண் வேண்டும். "பில் இல்லாம குறைச்சுத் தரேன்" என்பதை ஏற்காதீர்கள். மூன்று வருட வாரன்டி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. துபாயிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் மாமாவையோ சித்தப்பாவையோ கார்டு வாங்கிவரச் சொல்கிறீர்கள். அந்த நாட்டு வாரன்டி இங்கே செல்லுமா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டபின் சொல்லுங்கள். பல கம்பெனிகளுக்குச் செல்லாது. எஸ்எம்பிஎஸ்ஸை அங்கிருந்து வாங்கிவந்தால் வயரை இங்கே மாற்றுங்கள். தட்டை முள் பிளக்கை அடாப்டரில் சொருகினால், மேலே இவ்வளவு நேரம் நான் பேசிய எர்த் அங்கேயே அறுந்துபோகலாம்.

கணினி ஓடத் தொடங்கியதும் மானிட்டர் வயர் கார்டில் சொருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்று பாருங்கள். ரேம் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். ரேம் தன் முழு வேகத்தில் ஓட, பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பைப் போடுங்கள். விண்டோஸில் 240 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அது தானாக மாறாது, 60இலேயே நிற்கும்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். நம் ஊர் அறைகளில் இந்தப் பாகங்கள் எவ்வளவு சூடாகின்றன என்ற கணக்கு தமிழில் எங்கும் தொகுத்துக் கிடைப்பதில்லை. மே மாதத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் கனமான ஆட்டம் ஒன்றை ஓடவிட்டு ப்ராசஸரின் வெப்பநிலையையும் கார்டின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி அறையின் வெப்பநிலையையும் எழுதுங்கள். கூலர், கேபினெட், ஃபேன்களின் எண்ணிக்கை, ஊர்ப் பெயர் எல்லாம் இருக்கட்டும். எனக்கு அனுப்பினால் ஊர்வாரியாகத் தொகுத்து எல்லாருக்கும் தருகிறேன். அடுத்த வருடம் பட்டியல் எழுதுகிற தம்பி தங்கைகள் அதை வைத்தே கூலர் வாங்கிக்கொள்ளலாம். அறை மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிறதா, ஏசி ஓடியதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா